ரிவால்வர் மரபுகளும் ஃபீலர் கேஜும்

ஓசூர் சிப்காட்டில் டூல் ரூம் வேலை பார்த்தவன் ஒரு ரிவால்வரைக் கையில் வாங்கினால், முதலில் சிலிண்டரில் ஆட்டம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். பெரியப்பாவிடமிருந்து முறைப்படி உரிமம் மாறி எனக்கு வந்த ஸ்மித் அண்ட் வெஸன் 19-ஆம் மாடலை நான் அப்படித்தான் எடைபோட்டேன். நான்கு அங்குல பேரல், ஆறு தோட்டா, ஏறக்குறைய ஒரு கிலோ.

நம் நாட்டில் வேரூன்றியது வெப்லி வழி. 1887-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட அந்த அமைப்பில், கீல் வைத்த பிரேம் முன்பக்கமாக மடங்கும். மடங்கும்போதே காலித் தோட்டாக்கள் மொத்தமும் வெளியே வந்துவிடும். கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் இந்த வம்சம். 2014-இல் பெண்களுக்கென்று வந்த நிர்பீக்கும் இதே வம்சம்தான். கையாளச் சுலபம். ஆனால் பிரேமின் மேலே உள்ள கொக்கிதான் அதற்குப் பூட்டு. .32 தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு; .357 மேக்னத்துக்கு 35,000. மடங்கும் பிரேம் அதை நெடுநாள் தாங்காது.

அமெரிக்க வழியில் பிரேம் ஒரே துண்டு. சிலிண்டர் மட்டும் பக்கவாட்டில் திறக்கும். கோல்ட்டின் சிலிண்டர் வலப்பக்கம் சுழலும், ஸ்மித்தினுடையது இடப்பக்கம். 1935-இல் .357 மேக்னம் பெரிய பிரேமில்தான் பிறந்தது. 1955-இல் ஸ்மித் அதை இடைத்தர பிரேமுக்குள் அடக்கியது; என் 19-ஆம் மாடல் அதுதான். அதற்கு ஒரு விலை உண்டு: சிலிண்டருக்கு இடம் விட, பேரலின் பின்முனையை அடியில் சற்றே சீவ வேண்டியிருந்தது. எடை குறைந்த, வேகமான தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால் அந்த இடத்தில் விரிசல் விழக்கூடும். 1980-ஐ ஒட்டி வந்த சற்றே பெரிய எல்-பிரேம் அதைச் சரிசெய்தது. இன்னொரு அமெரிக்க நிறுவனமான ரூகர் வேறு பாதையில் போனது. சுவாமிமலை ஸ்தபதிகளின் மெழுகு வார்ப்பு போலவே, மெழுகு மாதிரியை உருக்கி எடுத்த அச்சில் எஃகு ஊற்றி பிரேமை வார்த்தது. அழகில் ஸ்மித்துக்கு நிகரில்லை. உழைப்பில் ரூகரை யாரும் குறை சொல்ல முடியாது.

என் அளவுகோல் எளியது. தோட்டா இல்லையென்று இருமுறை பார்த்துவிட்டு, சிலிண்டரை விரலால் லேசாக உரசிப் பிடித்தபடி ஹேமரை மெல்லப் பின்னுக்கு இழுப்பேன். ஹேமர் முழுதாக நிற்பதற்குள் அடியிலுள்ள தடுப்பு, சிலிண்டரின் பள்ளத்தில் 'டிக்' என்று உட்கார வேண்டும். பிறகு பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் விடுவேன். அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு முதல் எட்டு பங்கு இருந்தால் நல்லது. ஆறு அறையிலும் அளவு மாறக்கூடாது. என்னுடையது மாறவில்லை.

மேக்னம் தோட்டா இங்கே அரிது, விலையும் அதிகம். உரிமத்தில் குறித்த எல்லை தமிழ்நாடு என்றால், எல்லையிலுள்ள ஜூஜூவாடியைத் தாண்டி கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்குக்கூட எடுத்துப் போக முடியாது. தேர்தல் நேரத்தில் உத்தரவு வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். இவையெல்லாம் நியாயமான கட்டுப்பாடுகள்.

2023-இல் கான்பூர் பிரபல் என்ற பக்கவாட்டில் திறக்கும் .32 ரிவால்வரைக் கொண்டுவந்தது. வெப்லியை விட்டு வெளியே வைத்த அடி அது; எனக்கு மனமார மகிழ்ச்சி. ஐம்பது மீட்டர் பாயும் என்கிறார்கள். சிலிண்டர் இடைவெளி எத்தனை, எத்தனை ரவுண்டு சுட்ட பிறகும் அது மாறாமல் நிற்கும் என்பதையும் விளம்பரத்தில் அச்சிடட்டும்.