அம்மிக்கல் வைத்தியம்

“அம்மி போயிற்று, ஆட்டுக்கல் போயிற்று, பெண்களின் உடல்நலமும் போயிற்று” என்று புலம்பும் பழமை விரும்பிகளுக்கு, உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட உடலியக்க நெறிமுறை நூல் புதுத்தெம்பு அளித்திருக்கிறது. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம் வேண்டும். வீட்டுவேலையும் அக்கணக்கில் சேரும் என்கிறது நூல். ஒருமுறைக்குத் தொடர்ந்து 10 நிமிடமேனும் இயங்கவேண்டும் என்ற 2010ஆம் ஆண்டு விதியையும் நீக்கிவிட்டது. நன்று! கைக்குழந்தை அழும் குடிசையில் தொடர்ந்தாற்போல் 10 நிமிடம் எந்தத் தாய்க்குக் கிட்டும்?

ஆனால், ‘கணக்கில் சேரும்’ என்பதைப் ‘போதும்’ என்று படித்துக்காட்டுகிறார்களே, அங்கேதான் சூது! அடுப்படியில் நின்று நின்று கடுத்த கால், காலார நடந்து வலுப்பெற்ற கால் ஆகிவிடுமா?

இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் புரட்டினோம். ஊதியமற்ற வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். கூலிவேலை முடித்து வந்து இதையும் சுமக்கும் தாயிடம், “நடை பழகு, அம்மா!” என்கிறோம். எப்பொழுது? எந்தத் திடலில்? பிள்ளையை யாரிடம் ஒப்படைத்துவிட்டு? நிமிடத்தை வகுத்த நூல் இவற்றை வகுத்துரைக்கவில்லை.

கணவன்மார் மாலையில் அரைமணி நேரம் குடமெடுக்கலாம், துணி துவைக்கலாம். தயக்கம் ஏன்? அதுவும் உடலியக்கமே என்று உலக நிறுவனமே சொல்லிவிட்டதே!