காட்டுப்பள்ளிக் கரையும் ஒற்றைக்கோட்டுக் கணிப்பும்

எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே, ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பங்கழியுமாக நீளும் மணல்திட்டில் உள்ளது காட்டுப்பள்ளி. இத்தகைய கரைகள் ஆண்டுக்கு எத்தனை மீட்டர் பின்வாங்குகின்றன என்பதைச் செயற்கைக்கோள் படங்களில் அளந்து, அந்த அளவுகளுக்கு ஒரு நேர்கோட்டைப் பொருத்திச் சொல்வது வழக்கம். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் டி.எஸ்.ஏ.எஸ். மென்பொருள் இதற்கென்றே உருவானது.

கோட்டின் சாய்வை ஒற்றை எண்ணாக மேற்கோள் காட்டுவது முதற்குறை. ஆண்ட்ரூ கெல்மனும் ஜெனிஃபர் ஹில்லும் 2007-ல் வெளியிட்ட தொடர்புப்போக்கு நூல் இதற்கு வழி காட்டியது. ஆர் மென்பொருளின் 'ஆர்ம்' தொகுப்பில் உள்ள 'சிம்' என்னும் கட்டளை, பொருத்திய மாதிரியிலிருந்து சாய்வையும் பிழையின் பரவலையும் ஆயிரம் முறை குலுக்கி எடுத்துத் தரும். ஆயிரம் சாய்வுகளுக்கு ஆயிரம் கரைகள். ஒரு குப்பத்தைக் கடல் எப்போது நெருங்கும் என்பதை அப்போது ஓர் ஆண்டாக அல்லாமல் ஆண்டுகளின் வீச்சாகச் சொல்லலாம்.

ஆனால் சிம் மாதிரியைக் கேள்வி கேட்பதில்லை. எண்ணூர்த் துறைமுகம் 2001-லும் காட்டுப்பள்ளித் துறைமுகம் 2012-13-லும் இயங்கத் தொடங்கின. வடக்கு நோக்கி நகரும் மணலை அலைத்தடுப்புச் சுவர் மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். 1990 முதல் இன்றுவரை ஒரே கோடு போட்டால் சுவருக்கு முந்தைய ஆண்டுகளும் பிந்தைய ஆண்டுகளும் ஒரே சராசரியில் கரைந்து, அரிப்பு குறைவாகத் தெரியும். லட்சம் முறை குலுக்கினாலும் அதே தவறுதான், இன்னும் வழவழப்பாக.

கட்டுமான ஆண்டில் கோட்டை முறித்துப் பொருத்தினால் ஒவ்வொரு துண்டுக்கும் படங்கள் குறையும், வீச்சு அகலும். விரிவாக்க அறிக்கைகள் அச்சிட வேண்டியது அந்த வீச்சைத்தான்.