அடைப்புக்குள் ஒரு வட ஆற்காடு

பழங்குடியினர் ஆணையில் தமிழ்நாட்டுப் பட்டியலைத் திறந்தால், 'மலையாளி' என்ற பெயரை ஒட்டி அடைப்புக்குள் ஆறு மாவட்டங்கள்: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. திருப்பத்தூர் இல்லை. 2019 நவம்பரில் பிறந்த மாவட்டம் அதில் எப்படி இருக்கும்? சேலத்தில் இருந்து, 1911இல் வட ஆற்காட்டுக்கு மாறி, 1989இல் அந்த மாவட்டமும் பிரிந்தபின் வேலூர்ப் பக்கம் நின்ற ஊர் இது. புதூர்நாட்டு, நெல்லிவாசல்நாட்டு மக்கள் என்னவோ அன்றும் இன்றும் அதே ஜவ்வாது மலையில்தான்.

சட்டத்துக்குப் பொருள் கொள்வதில் இரண்டு பாசறைகள் உண்டென்பது வழக்கறிஞர் சங்கத்தார் அறிந்ததே. சொல்லைப் பிடிப்பவர்கள் 2000ஆம் ஆண்டின் மிலிந்த் தீர்ப்பைக் காட்டுவார்கள்: ஆணையில் உள்ளதை உள்ளபடியே படி, எதையும் சேர்க்காதே. சூழலைப் பிடிப்பவர்கள் 1584இன் ஹெய்டன் வழக்கில் தொடங்கி, வாசகத்தையும் சூழலையும் சேர்த்தே படிக்கச் சொன்ன நீதிபதி சின்னப்ப ரெட்டியின் 1987 பியர்லெஸ் தீர்ப்புக்கு வருவார்கள். பசவலிங்கப்பா வழக்கை (ஏ.ஐ.ஆர். 1965) இரு தரப்பும் சொந்தம் கொண்டாடும். 1956க்கு முந்தைய மைசூரில் 'போவி' என்ற பெயரில் சாதியே இல்லாததால், அது 'வொட்டர்' சாதியையே குறிக்கிறதென்று அங்கே உச்ச நீதிமன்றம் சாட்சியம் பார்த்து ஏற்றது.

திருப்பத்தூர்ப் பள்ளியின் வழி எளியது: சூழலை வெளியே தேடுமுன் ஆணைக்குள்ளேயே தேடு. மறைந்த பெரியவர் ஒருவர் (பெயர் சொல்லாமலே சங்கத்தாருக்குத் தெரியும்), ஜூனியர் நேரே பட்டியலைப் புரட்டினால் கையைப் பிடித்து நிறுத்துவார். "முதல்ல மூணாவது பத்தியைப் படிப்பா!" ஆணையில் வரும் எந்த மாவட்டமும் 1976 மே 1 அன்று இருந்த மாவட்டத்தையே குறிக்கும் என்கிறது அந்தப் பத்தி. அன்று திருப்பத்தூர் வட ஆற்காட்டில். வாதம் அத்தோடு முடிந்தது.

அதே பத்திதான் பர்கூர் மலையாளிகளுக்குக் கதவை அடைக்கிறது. அன்று பர்கூர் மலை கோவை மாவட்டத்தில். கோவை அடைப்புக்குள் இல்லை. நாடாளுமன்றம் திருத்தினால்தான் வழி என்று, தேடி வந்த கட்சிக்காரரிடமே சொல்லி அனுப்பியவர் பெரியவர்.

இன்றைய மனுக்களில் இந்தப் பத்தி இல்லாமல், பட்டியல் உள்ள ஒரு பக்கம் மட்டுமே நகலெடுத்து இணைக்கப்படுகிறது. யாரையும் மனத்தில் வைத்துச் சொல்வதல்ல. நல்ல உழைப்பாளிகளும் உண்டு. ஆனால் ஹெட்நோட்டைத் தாண்டித் தீர்ப்பைப் படிப்பவர் எத்தனை பேர்? கைபேசியில் ஒரு சொல்லைத் தட்டி, வந்து விழும் வரியையே வாதமாக்குகிறார்கள். முகப்புரை எங்கே, வரம்புரை எங்கே என்று கேட்டால் மௌனம். சட்டப் பொருள்கோள் பற்றிய ஜி.பி. சிங் நூலைப் பிரித்துப் பார்த்த விரல்கள் குறைந்துவிட்டன. ஒரு சூத்திரத்தை முன்னும் பின்னும் பார்த்துப் பொருள் சொன்ன சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் எழுதிய மொழியில் பிறந்தவர்கள், ஒற்றைப் பக்கத்தோடு நீதிமன்றம் ஏறுவதா? இப்படியே போனால் வக்கீல் தொழிலே அகராதி பார்க்கும் வேலையாகிவிடும். பெரியவர்கள் கட்டியது ஒரு தலைமுறையில் கரைந்துவிடும்.

பழங்குடிச் சான்று மறுக்கப்பட்ட மலைப் பிள்ளையின் வழக்குக் கட்டு மேசைக்கு வந்தால், ஆணையை முதல் வரியிலிருந்தே இணைக்க வேண்டுமென்று இளையவர்களை இக்கட்டுரை வேண்டிக்கொள்கிறது. மூன்றாம் பத்தி பட்டியலுக்கு முன்னாலேயே இருக்கிறது.