பின்னோக்கி எழுதிய கல்கி

எழுத்தாளர் கல்கி 1941இல் 'பார்த்திபன் கனவு' தொடர்கதையைத் தொடங்கியபோது பல்லவ மன்னர் நரசிம்மவர்மர் வயது வந்த மகளுக்குத் தந்தை. 1944இல் 'சிவகாமியின் சபதம்' வருகிறது. அதே மனிதர் இளவரசராக, காதலராக நிற்கிறார். கதைக்காலத்தில் முந்தையது, எழுதியதில் பிந்தையது. அவருடைய காதலி சிவகாமி பட்டமகிஷி ஆகப்போவதில்லை என்பது வாசகருக்கு முன்பே தெரியும். ஆனாலும் வாரந்தோறும் தவித்தார்கள். முடிவை மறைக்காமலே பதைக்க வைப்பதுதான் கைத்திறன்.

எனக்கு மிகவும் பிடித்த முடிச்சு அந்த ஒற்றைக்கைக் கபால பைரவர். முதல் நாவலில் மிரட்டும் அந்த ஆளுக்கு ஒரு கை ஏன் இல்லை? இரண்டாவது நாவலின் வாதாபிப் போரில் புத்த பிக்கு நாகநந்தி அடிகள் கையிழக்கும்போது விடை கிடைக்கிறது: அவரேதான் பின்னாளில் கபால பைரவர். எல்லாம் ஆரம்பத்திலேயே போட்ட திட்டமா, பிறகு கட்டிய பாலமா? தையல் தெரியவில்லை. சோழ மன்னன் பார்த்திபன் கண்ட கனவு நிறைவேறவோ 1950இல் 'பொன்னியின் செல்வன்' வரவேண்டியிருந்தது.