கதையில் வரும் ரயில்

ரயில் வராத தமிழ் நாவல் குறைவு. காதலர்கள் பிரிய வேண்டுமானால் ரயில் புறப்படுகிறது. ஓடிப்போன பிள்ளை திரும்ப வேண்டுமானால் ரயில் வந்து நிற்கிறது. நம் கதாசிரியர்களுக்கு இவ்வளவு விசுவாசமாக உழைத்த வேலைக்காரன் வேறு யாருமில்லை. ஆனால் அந்த வேலைக்காரனுக்கு ஊர் எது, வயது என்ன என்று விசாரித்தவர்கள் எத்தனை பேர்?

பழைய தஞ்சை ஜில்லாவைக் களமாகக் கொண்ட ஒரு நாவலை அண்மையில் வாசித்தேன். பெயர் வேண்டாம், ஆசிரியர் நன்றாக எழுதுகிறவர். 1890-இல் தாத்தா திருத்துறைப்பூண்டியில் ரயிலேறுகிறார். மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் பாதை திறக்கப்பட்டதோ 1894-இல். நாலு வருஷம் கழித்து வரவேண்டிய ரயிலைத் தாத்தா முன்னதாகவே பிடித்துவிட்டார்! போகட்டும், நாவலாசிரியருக்கு இந்தச் சலுகைகூட இல்லையா என்று மேலே வாசித்தேன்.

1925-இல் பேரன் வருகிறான். அவன் பிராமணன்; கூட வரும் சிநேகிதன் வேறு ஜாதி. ஒரு பெரிய ஜங்ஷனில் இறங்கி, ரயில்வே சாப்பாட்டு அறையில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

தென்னிந்திய ரயில்வேயின் சாப்பாட்டு அறைகளில் அந்நாளில் பிராமணர்களுக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு வேறோர் இடம். இந்தப் பேதத்தை ஒழிக்கப் பெரியார் ஈ.வெ.ரா.வின் இயக்கத்தார் கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்தது. 1941-இல்தான் அது நீங்கிற்று. பதினாறு வருஷம் கழித்துக் கிடைத்த ஒரு நியாயத்தை நம் ஆசிரியர் ஒரு வாக்கியத்தில் இனாமாகக் கொடுத்துவிட்டார். கொடுத்தது தாராளம்தான். ஆனால் அதற்காகப் பாடுபட்டவர்களின் கணக்கில் அல்லவா அது பற்று எழுதப்படுகிறது? ரயில் வந்த வருஷத்தை மாற்றினால் சரித்திரம் கொஞ்சம் நொண்டும். மனிதன் மனிதனை எப்படி நடத்தினான் என்பதை மாற்றினாலோ, நாவலே பொய்யாகிவிடுகிறது.

“கதை எழுத உட்காரும்போது கால அட்டவணை எதற்கு? கற்பனையின் கையைக் கட்டிப்போடவா?” என்று கேட்பார்கள். அவிழ்த்து விடத்தான் என்பது என் பதில். அதே இரண்டு சிநேகிதர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஜாதிக்கொரு பலகை கிடையாது. தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். காந்தியடிகள் 1917-இல் மூன்றாம் வகுப்புப் பிரயாணத்தைப் பற்றி ஒரு சிறு பிரசுரம் எழுதினார். பம்பாயிலிருந்து சென்னைக்கு அவர் வந்த பெட்டி 22 பேருக்கென்று குறிக்கப்பட்டது. வழியில் பெரும்பாலும் 35 பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு வந்ததைச் சொல்கிறார். அப்படி ஒரு பெட்டியில் நம் இருவரும் ஒரே பொட்டலத்துப் புளியோதரையைப் பகிர்ந்து தின்றிருக்கலாம். ஜங்ஷன் வருகிறது. இறங்குகிறார்கள். இரண்டு வாசல்கள். இதுவரை ஒட்டி உட்கார்ந்து வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். எந்தக் கற்பனை இதைவிட நல்ல கட்டத்தைக் கொடுத்துவிடும்? ஆராய்ந்திருந்தால் ஆசிரியருக்குக் கிடைத்திருக்கும்.

இன்னும் எத்தனையோ கிடைக்கும். மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதை ஜில்லா போர்டின் சொத்து. அதற்காக நிலவரியோடு ரூபாய்க்கு மூன்று தம்பிடி, அதாவது காலணா வீதம் மேல்வரி வசூலித்தார்கள். வண்டியின் ஊதலைக் கேட்பதற்கு முன்னாலேயே அதற்குக் காசு கட்டிய மிராசுதாரும் உண்டு, சிறு பட்டாதாரும் உண்டு. ‘என் காலணா ஓடுகிறது பார்’ என்று வரப்பில் நின்று சொல்லும் ஒரு கிழவரை எந்த நாவலிலாவது நாம் சந்தித்திருக்கிறோமா?

நேரத்தைப் பாருங்கள். 1906-இல் இந்தியாவுக்குப் பொது நேரம் ஏற்படும் முன்பு ரயில்கள் சென்னை நேரப்படி ஓடின. அது இன்றைய கடிகாரத்துக்கு ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் பின்தங்கியது. கிராமத்திலோ நாழிகைக் கணக்கு. ஒரு நாழிகை 24 நிமிஷம். நிழலை அளந்து புறப்பட்டவன் நிமிஷத்துக்குக் கட்டுப்பட்ட வண்டியைப் பிடிக்க வேண்டுமானால், வெகு முன்னதாகவே வந்து மரத்தடியில் காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்பில் ஓர் அத்தியாயமே இருக்கிறது.

இவற்றையெல்லாம் தேட அயல்தேசம் போக வேண்டாம். எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஹெமிங்வே 1906-இல் வெளியிட்ட தஞ்சாவூர் கெஜட்டியர் இருக்கிறது. பழைய கால அட்டவணைகள் இருக்கின்றன. ஆனால் அட்டவணை வண்டி வந்த நேரத்தைச் சொல்லுமே தவிர, வண்டிக்குள் யார் எழுந்து யாருக்கு இடம் கொடுத்தார்கள் என்று சொல்லாது. அதைப் பிரயாணம் செய்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். மாயவரம்–தரங்கம்பாடிக் கிளைப்பாதை 1926-இல் திறந்து 1986-இல் மூடப்பட்டது. அதில் பள்ளிக்கூடம் போனவர்கள், கூடையோடு சந்தைக்குப் போனவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். காகிதம் காப்பகத்தில் காத்திருக்கும். மனிதர்கள் அப்படிக் காத்திருக்க முடியாது.

ஆகவே, கிராமத்து ரயிலை எழுத உட்காரும் இளம் எழுத்தாளர்களுக்கு நான் சொல்வது இதுதான்: புகையையும் ஊதலையும் வர்ணித்தது போதும். டிக்கெட் வாங்கியவன் யார், வாங்க முடியாமல் தண்டவாளத்தின் ஓரமாக நடந்தே போனவன் யார் என்று முதலில் விசாரியுங்கள். கதை அந்த இருவரிடமும் இருக்கிறது.