தரையில் ஒரு துளை

பழைய அம்பாசிடருக்கு இசுசு இன்ஜின் ஏற்றியிருப்பதாக யாராவது பெருமையடித்தால், நான் பானெட்டைத் திறக்கச் சொல்வதில்லை. முன்கதவைத் திறந்து கால்மிதியைத் தூக்கிப் பார்ப்பேன். செய்தவர் யார், எப்படிப்பட்டவர் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மார்க் 2, மார்க் 3 வண்டிகளில் கியர் ராடு ஸ்டீயரிங்கோடு ஒட்டி இருந்தது. இசுசு இன்ஜினோடு 1992-ல் வந்த அம்பாசிடர் 1800 ஐ.எஸ்.இசட்.டுக்கு ஐந்து கியர், தரையிலிருந்து எழும் லீவர். ஆக, பின்னதன் இன்ஜினை முன்னதில் வைக்கிறவர் தரைத் தகரத்தில் கைவைத்தே ஆகவேண்டும். சிலர் இதற்கு அஞ்சி, பழைய நாலு கியர் பெட்டியையே இசுசுவோடு கோத்துவிடுகிறார்கள். எனக்கு அது பாதி வேலை. பழைய வண்டியின் பி.எம்.சி. இன்ஜின் 73 மில்லிமீட்டர் துளையும் 88.9 மில்லிமீட்டர் நீள ஓட்டமும் கொண்டது; மெதுவாகச் சுற்றியே இழுக்கும். 84-க்கு 82 என்று அமைந்த இசுசுவோ சுற்றச் சுற்றத்தான் குஷியாகும். ஐந்தாவது கியர் இல்லாமல் அதை நெடுஞ்சாலையில் ஓட்டுவது அதற்குச் செய்யும் கொடுமை.

கோவையில் எனக்குப் பிடித்த மேஸ்திரி ஒருவர் இருந்தார். அட்டையில் அளவெடுத்து, லீவர் ஐந்து கியருக்கும் ரிவர்ஸுக்கும் போய்வர எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு மட்டும் வெட்டுவார். தேர்ந்த தையற்காரர் போடும் பட்டன் துளை மாதிரி, விளிம்பை மடித்துத் தட்டியிருப்பார். விரல் வைத்தால் கீறாது. அதன்மேல் ரப்பர் உறை. லீவரைச் சூடேற்றிச் சற்றே வளைத்து, முன்பக்கத்து நீள சீட் அப்படியே இருக்கும்படி பார்த்துக்கொள்வார். மூன்று பேர் நெருக்கி உட்காரும் அந்த சீட்டைக் கழற்றிவிட்டால் அது அம்பாசிடரா என்ன? கடைசியில் டார்ஷன் பாரைத் திருத்தி, மாறிய முன்பாரத்துக்கேற்ப மூக்கை மட்டப்படுத்துவார். இந்த வேலைக்கு யாரும் தனியாகக் கூலி கேட்டதில்லை, கொடுத்ததுமில்லை.

மெட்டடோர் வேனின் டீசல் இன்ஜினை அம்பாசிடரில் ஏற்றும் கோஷ்டி இதைக் கேட்டுச் சிரிக்கும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது அவர்கள் கணக்கு. டாக்ஸி ஓட்டிப் பிழைத்தவர்களிடம் நான் வாதாடமாட்டேன். ஆனால் பொழுதுபோக்குக்காக வண்டி வைத்திருப்பவர், அதே வண்டியின் அடுத்த தலைமுறை இன்ஜின் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைத்த காலத்திலும் வேற்றுக் குடும்பத்து டீசலைத் தேடிப் போனது ஏன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. தேர் மாதிரி அதிரும் அம்பாசிடரில் ரசிக்க என்ன இருக்கிறது?

2014-ல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றது. அதற்குப்பின் இசுசு ஏற்றும் வேலைக்குத் திடீர் மவுசு; கைதான் இல்லை. கிரைண்டரை வைத்துக் கையகலத்துக்கு அறுக்கிறார்கள், மேலே கார்பெட்டை ஒட்டுகிறார்கள். மழைநாளில் கணுக்கால் நனைகிறது. 55 குதிரைத்திறன் 75 ஆனதைச் சொல்லும் வாய், பிரேக்கை என்ன செய்தீர்கள் என்றால் மூடிக்கொள்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண்ணை மாற்றினீர்களா என்று கேட்டால், “யாரு சார் பாக்கப் போறாங்க?” என்கிறார்கள். மேஸ்திரி அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமல் சாவியைக் கொடுத்ததில்லை.