ஸ்லீப் கட்டளையும் பாடக்குறிப்புகள் சொல்லாத நேரமும்

நிரலைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கும் ‘ஸ்லீப்’ கட்டளைக்குத் தமிழில் கிடைக்கும் பாடக்குறிப்புகள் பெரும்பாலும் ஒரே வரியில் விளக்கம் தருகின்றன: எத்தனை மில்லிவினாடி என்று கொடுக்கிறோமோ, அத்தனை நேரம் நிரல் உறங்கும். இது பாதி உண்மைதான். உறங்கும் நிரலை எழுப்புவது இயங்குதளத்தின் கடிகாரத் துடிப்பு. டாஸில் அது சுமார் 55 மில்லிவினாடிக்கு ஒருமுறை. விண்டோஸ் 7இல் வழக்கமாக 15.6. லினக்ஸோ 2007 முதல் நுண்ணிய நேரங்காட்டிகளுக்கு மாறிவிட்டது.

தமிழக அரசு 2011இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரு மில்லிவினாடி உறக்கத்தை ஆயிரம் முறை சுழலவிடும் நிரல், இவ்வகை லினக்ஸில் ஒரு வினாடிக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். விண்டோஸ் 7இல் 15 வினாடி வரை ஆகலாம். வேடிக்கை என்னவென்றால், பக்கத்தில் ஒரு காணொளி ஓடினால் அதே நிரல் விண்டோஸில் திடீரென வேகம் பிடிக்கக்கூடும். காணொளி மென்பொருள் துடிப்பைக் கூட்டக் கேட்டால், அன்றைய விண்டோஸில் அது எல்லா நிரல்களையும் பாதித்தது. விண்டோஸ் 10இன் 2020 பதிப்பில்தான் இது மாறியது. விவரம் தெரியாத மாணவர் தம் நிரலையே சந்தேகிப்பார்.

டர்போ பாஸ்கலின் கதை இன்னும் மோசம். அதன் காத்திருப்புக் கட்டளை கணினியின் வேகத்தை முன்கூட்டி அளந்துவைக்கும். சுமார் 200 மெகாஹெர்ட்சைத் தாண்டிய கணினிகளில் அந்தக் கணக்கே நிரம்பி வழிந்து, நிரல் ‘பிழை 200’ என்று தொடக்கத்திலேயே நின்றது.

ஜூஜுவாடியிலிருந்து ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, உணரியை எத்தனை மில்லிவினாடிக்கு ஒருமுறை படிப்பது என்பது ஏட்டுக் கேள்வி அல்ல. பாடக்குறிப்பில் இரண்டு வரி கூடுதலாக எழுதினால் போதும்: உறங்கிய நேரத்தைக் கடிகாரத்தைப் படித்து அளக்க வேண்டும், சுழற்சி எண்ணிக்கையை நேரமாகக் கொள்ளக் கூடாது.